மார்க்கண்டு அண்ணையின் எச்சில்

ஞாயிற்றுக்கிழமையிலும் விசாரணைக்கென்று என்னிடம் வந்திருக்கிறீர்கள், உங்களுக்கும் கரைச்சல்தான். அந்த மின்விசிறியைப் போட்டுவிட்டு இருங்கள். நான் எதையும் மறைக்கப் போவதில்லை. மறைத்து மறைத்தே களைத்துப் போனேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு ஆய்வுகூடத்தில் வைரஸ்களைப் படிக்கிறவள் நான். ஆராய்ச்சிப் பட்டத்துக்காகத் தயாளினி என்ற பெயருக்கு முன்னால் கலாநிதி என்று போடுவார்கள், அவ்வளவுதான். ஒரு பனடோல் மாத்திரைகூட எழுதிக் கொடுக்கிற உரிமை எனக்கு இல்லை. சுன்னாகத்துப் பக்கம் வெங்காயத் தோட்டம் செய்கிற மார்க்கண்டு அண்ணைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வெள்ளைக் கோட்டைக் கண்டதும் டொக்டர் என்றார். நானும் திருத்தவில்லை. டொக்டர் என்று கூப்பிட்டால் எங்கள் ஊரில் யார்தான் திருத்துகிறார்கள்.

எப்ஸ்டீன் பார் என்று ஒரு வைரஸ், ஹேர்பீஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அநேகமாக உங்களுக்கும் இருக்கும். சின்ன வயதில் யாருடைய எச்சிலிலாவது வந்து ஒட்டிக்கொண்டால் சாகும்வரை போகாது. பெரும்பாலானவர்களுக்குள் அது சும்மா கிடக்கும். ஒரு சிலருக்கு மட்டும் மூக்கின் பின்பக்கத்தில் புற்றுநோயோடு சேர்ந்து நிற்கும். ஏன் அந்தச் சிலருக்கு? அந்த வைரஸின் மரபெழுத்துகளில் இடத்துக்கு இடம் சின்னச் சின்ன மாற்றங்கள் உண்டு. அவற்றில் சில நோயோடு கூட வருவதாக வேறு நாடுகளில் கண்டிருக்கிறார்கள். நான் இங்கே தேடினேன். கலியாணம், பிள்ளை குட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தேடினேன்.

மார்க்கண்டு அண்ணையின் தம்பி அந்த நோயில்தான் போனவர். அவருடைய கட்டியில் ஒரு மாற்றத்தைக் கண்டேன். அண்ணையின் எச்சிலிலும் அதே மாற்றம் இருந்தது. ஆனால் சுகமாகத் திரிகிற சிலரிடமும் இருந்தது. கட்டுரை எழுதி அனுப்பினால் திருப்பி அனுப்பினார்கள். நோய் வந்த பிறகு எடுத்த மாதிரிகளை வைத்து எதையும் சொல்ல முடியாதாம். வருவதற்கு முன்பிருந்தே ஒருவரைத் தொடர்ந்து பார்க்க வேண்டுமாம். சொல்வது சுகம்.

அண்ணை ஒவ்வொரு போகம் முடியவும் பஸ் ஏறி வந்து, குப்பியில் துப்பித் தந்து, இரத்தமும் தந்துவிட்டுப் போவார். வெறுங்கையோடு ஒருநாளும் வந்ததில்லை, ஒரு பை வெங்காயம் இருக்கும். தங்கமான மனிதர். எனக்கு அவரில் உண்மையாகவே விருப்பம். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

போன வருடம் அவருடைய இரத்தத்தில் அந்த வைரஸின் டிஎன்ஏ அளவு ஏறியிருந்தது, கட்டி தொடங்குவதற்கு அது ஒரு அறிகுறி. அடுத்த முறை இன்னும் ஏறியிருந்தது. அன்று அவர் வலது காது அடைக்கிறது என்றார். காலையில் மூக்குச் சிந்தினால் இரத்தம் தெரிகிறது என்றார். அந்தக் கட்டத்தில் வைத்தியசாலைக்குப் போனால், மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்து, கதிர்ச் சிகிச்சை கொடுத்துப் பெரும்பாலும் சுகப்படுத்திவிடுவார்கள்.

கதிரையின் நுனியில் இருந்துகொண்டு அவர் கேட்டார்.

“டொக்டர், தம்பிக்கு வந்ததுதானோ இது? மறைக்காமல் சொல்லுங்கோ.”

“இல்லை அண்ணை. வெங்காயத்துக்கு மருந்தடிக்கிறியள், அந்தக் காத்துத்தான் மூக்கைப் புண்ணாக்கியிருக்கும். பயப்பட ஒண்டுமில்லை.”

“அப்ப பெரியாசுப்பத்திரிக்குப் போகத் தேவையில்லையோ?”

“தேவையில்லை.”

அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். எவ்வளவு நிம்மதியாகப் போனார் தெரியுமா.

அப்போது அவருடைய மகள் சாருஜாவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் சம்பந்தம் பேசும்போது குடும்பத்தில் என்ன நோய் இருக்கிறது என்று அயலெல்லாம் விசாரிப்பார்கள். தம்பி செத்ததையே காய்ச்சல் என்றுதான் அந்த வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். தகப்பனும் வைத்தியசாலையில் புற்றுநோய் வாட்டில் கிடக்கிறார் என்றால் சம்பந்தம் குழம்பியிருக்கும். அந்தப் பிள்ளையின் வாழ்க்கையை யோசித்துத்தான் சொல்லாமல் விட்டேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அண்ணை என்னிடம் அதைக் கேட்கவில்லை. மறைக்காமல் சொல்லுங்கோ என்றுதான் கேட்டார்.

கலியாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். வாசலில் சந்தனம் தரக் குனிந்தபோது சால்வை விலகி, அண்ணையின் கழுத்தில் கட்டி தெரிந்தது. நெல்லிக்காய் அளவு இருக்கும். இந்தக் கிழமைக்குள் ஒருக்கால் வந்து எச்சில் தந்துவிட்டுப் போகச் சொன்னேன். மகளை அனுப்பிவைத்த களைப்போடு, சொன்னபடியே வந்தார்.

பிறகு சாருஜாதான் அவரைப் பிடித்த பிடியில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனாள். நோய் ஈரல்வரை போயிருந்தது. அங்கேயும் அவர், எங்கள் டொக்டர் பிள்ளை எல்லாம் பார்க்கிறா என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். எந்த டொக்டர் என்று அவர்கள் விசாரிக்கப் போய்த்தான் விஷயம் வெளியே வந்தது. ஆடி மாதம் போய்விட்டார். செத்த வீட்டுக்குப் போய் அழுதேன். அது நடிப்பில்லை.

அவரை நான் கொல்லவில்லை. அந்த நோயை நான் கொடுக்கவுமில்லை. தெரிந்ததைச் சொல்லவில்லை, பொய்யும் சொன்னேன். நோய் தொடங்குவதிலிருந்து முடிவுவரை ஒரே மனிதரின் மாதிரிகள் எனக்கு வேண்டியிருந்தன. சிகிச்சை தொடங்கினால் எல்லாம் கலங்கிவிடும். கட்டுரை இந்த முறை திரும்பி வரவில்லை. அதனால் நாளைக்கு எத்தனையோ குடும்பங்கள் தப்பும்.

ஒரு காதடைப்பை யார்தான் பெரிதாக எடுக்கிறார்கள் என்று உங்கள் விசாரணைக்கு முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். நூறு பேருக்குக் காதடைத்தால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் அது சளிதான். அதற்காக ஒரு வெங்காயக் கமக்காரரைப் பயப்படுத்தி ஓட வைக்க வேண்டுமா?

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என்னுடைய எச்சிலையும் ஒருமுறை பரிசோதித்தேன். அதே மாற்றம் எனக்கும் இருக்கிறது. போன கிழமை என் இடது காது அடைத்தது. அன்று பின்னேரமே பெரியாசுப்பத்திரிக்குப் போய் மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்க்கச் சொன்னேன். வெறும் சளிதானாம்.