இரண்டு வரிசை விளக்கு

நள்ளிரவு தாண்டிய நேரம். ஆள் நடமாட்டமே இல்லாத ரோடு... வளைவே கிடையாது, கோடு போட்ட மாதிரி நேராகப் போகும். ஏய், சிரிக்காதே! என்னோடு வேலை பார்க்கிறாளே, அவளுடைய சொந்தச் சித்தப்பாவுக்கு நடந்தது இது.

சித்தப்பா ரோடு போடும் மேஸ்திரி. அன்று புதுத் தார் போட்டிருந்தார்கள். வண்டி ஏதும் ஏறிவிடக் கூடாதென்று இரண்டு ஓரமும் அரிக்கேன் விளக்கை வரிசையாக வைத்தார். சாயங்காலமே டீக்கடைக்காரர் தடுத்திருக்கிறார்.

“ரெண்டு பக்கமும் வெக்காதீங்க மேஸ்திரி. சண்டைக் காலத்துல இது விமானம் இறங்குற இடம். ஒரு பைலட்... கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகல. எத்தனையோ விமானத்தைச் சுட்டு வீழ்த்தினவன். ஒரு ராத்திரி லேட்டாத் திரும்பியிருக்கான். எதிரின்னு நினைச்சு நம்மாளுங்களே விளக்கை அணைச்சுட்டாங்க. பெட்ரோல் தீர்ற வரைக்கும் மேலேயே சுத்தினானாம். அப்புறம் யாரும் தேடக்கூட இல்ல. இப்போ அவன் பேரே யாருக்கும் ஞாபகமில்ல.”

“டீயைப் போடுங்க, கதையை அப்புறம் விடலாம்,” என்றாராம் சித்தப்பா. வாய்க்கொழுப்பு!

மற்ற ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ரோட்டின் கடைசியில் ரோலர். அதன் மேல் காவலுக்கு உட்கார்ந்த அவருடைய தம்பி, அப்படியே தூங்கிப்போயிருந்தான். அம்மா போன பிறகு சித்தப்பா தூக்கி வளர்த்த பிள்ளை அவன்.

முதலில் ஒரு முனகல்... ட்ர்ர்ர்... வானத்தில். அப்புறம் கருகின எண்ணெய் நாற்றம் மூக்கைத் துளைத்தது. சத்தம் ஒருமுறை தாழ்ந்து வந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விளக்குச் சுடர்கள் வரிசையாகச் சாய்ந்தன... தம்பி இருந்த பக்கமாக. மேலேறிய சத்தம், மறுபடி இறங்கத் திரும்பியது.

ஐயோ, அந்த மனுஷனுக்கு உயிரே போய்விட்டது. “டேய், எந்திரிடா!” அவன் அசையவில்லை. ஓடி ஓடி விளக்கையெல்லாம் ஊதி அணைத்தார். அணையாததை எட்டி உதைத்தார்.

சத்தம் ரோலரை உரசுகிற மாதிரி மேலே போனது. சுற்றியது... சுற்றியது... இருமியது. நின்றுவிட்டது. விழுந்த சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.

தம்பிக்கு ஒரு கீறல்கூட இல்லை. கட்டிப்பிடித்து அழுதாராம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் ராத்தூக்கம் கிடையாது. அதே நேரத்துக்குத் தம்பி எழுந்து உட்கார்வான். முழங்காலுக்கு நடுவே, இல்லாத ஏதோ ஒரு கைப்பிடியை, விமானம் ஓட்டுகிறவன் மாதிரி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருப்பான். மூச்சில் கருகின எண்ணெய் வாடை. சித்தப்பா அடித்துப் பிடித்து எழுந்து, கட்டிலின் இரண்டு பக்கமும் வரிசையாக விளக்கு ஏற்றுவார். வீடே பளிச்சென்று இருக்கும்.

தம்பியின் கண் நன்றாகத் திறந்துதான் இருக்கும்.

“அண்ணா... விளக்கை ஏத்துண்ணா... தரை தெரியல.”