ஐந்தாம் பாகத்தில் என்ன நடக்கிறது?

பொண்ணு: சித்தி, என் மேசை மேல இருந்த அஞ்சாவது பாகத்தைப் பாத்தீங்களா?

சித்தி: எது, அந்தப் பேய்க் கதையா?

பொண்ணு: பேய்க் கதை இல்ல. ஆவிங்க கண்ணுக்குத் தெரியிற ஒரு பொண்ணோட கதை.

சித்தி: ஆவின்னா பேய்தானே... அந்த ஊசியை எடு, உன் கால்கிட்ட கிடக்கு.

பொண்ணு: இந்தாங்க. பாத்தீங்களா, இல்லையா?

சித்தி: ஏம்மா, அந்த ரத்தக்காட்டேரிப் பையனுக்கு முந்நூறு வயசாகுது. இன்னும் எதுக்கு ஸ்கூலுக்குப் போறான்? இத்தனை வருஷத்துல ஒரு பரீட்சைகூடவா பாஸாகல?

பொண்ணு: அவன் யாருன்னு வெளிய தெரியக்கூடாதுன்னு... இருங்க, இருங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?

சித்தி: அட்டையில போட்டிருந்துச்சு.

பொண்ணு: அட்டையில வெறும் ஓநாய்தான் இருக்கு.

சித்தி: அப்படியா? அந்தப் பச்சை நூல்கண்டைக் குடு.

பொண்ணு: சித்தி!

சித்தி: சரி, படிச்சேன். நீ ஸ்கூலுக்குப் போனப்புறம், தையலுக்கு நடுவுல ரெண்டு ரெண்டு பக்கம்.

பொண்ணு: ரெண்டே பக்கமா?

சித்தி: ரெண்டு அத்தியாயம். டீச்சரம்மா ஜாக்கெட்டுக்கு ரெண்டு பக்கமும் இடது கையே வச்சுத் தைச்சது எதனாலன்னு நினைச்சே? ஓநாயா மாறுற பையன் பாலத்துலேர்ந்து விழுந்துட்டான். எனக்கு எங்க கை ஓடும்?

பொண்ணு: ஐயோ, நீங்க ஓநாய்ப் பையன் கட்சியா!

சித்தி: பின்னே? அவன் பசிச்சா பசிக்குதுங்கிறான், கோவம் வந்தா கத்துறான். அந்த முந்நூறு வயசுக்காரன் மழையில நின்னு முறைச்சுக்கிட்டே இருக்கான். ஒரு குடை எடுத்துட்டு வர்றதுக்கு என்ன?

பொண்ணு: அது சோகம், சித்தி!

சித்தி: சளி பிடிக்கும்.

பொண்ணு: செத்தவனுக்கு எங்கேர்ந்து சளி பிடிக்கும்?

சித்தி: அதுவும் சரிதான்... ஆனா ஒண்ணு. முதல் பாகத்தைச் சிரிச்சுக்கிட்டேதான் படிச்சேன். மூணாவதுல, அந்தப் பொண்ணோட செத்துப்போன அம்மா ஜன்னல்கிட்ட வந்து நின்னாங்களே... அப்ப சிரிக்க முடியல.

பொண்ணு: ம்.

சித்தி: நீ ஏன் இதை இப்படி விடாமப் படிக்கிறேன்னு அப்பதான் புரிஞ்சுது.

பொண்ணு: ...பேச்சை மாத்தாதீங்க. அஞ்சாவது எங்க?

சித்தி: லைப்ரரியில திருப்பிக் குடுத்துட்டேன்.

பொண்ணு: என் கார்டு இல்லாம வாங்கவே மாட்டாங்களே.

சித்தி: ...துணி அலமாரியில. பழைய திரைச்சீலைக்கு அடியில.

பொண்ணு: ஒளிச்சா வச்சீங்க? ஏன்?

சித்தி: நீ நேரா ஆறாவதைப் படியேன். அஞ்சாவதை நான் கதையாச் சொல்லிடறேன்.

பொண்ணு: ஏன்னு கேட்டேன்.

சித்தி: அதுல அந்த அம்மா... போயிடறாங்க. இனிமே வரவே மாட்டாங்க. அவ கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்குறா. நீ தனியா உக்காந்து அதைப் படிக்க வேண்டாம்னு தோணுச்சு. நான் இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகல. நீ உங்கம்மாவை நினைச்சு அழுதா, பக்கத்துல வரலாமா கூடாதான்னுகூட எனக்குத் தெரியாது.

பொண்ணு: நான் அதைப் போன மாசமே ஸ்கூல்ல படிச்சு முடிச்சுட்டேன், சித்தி. பாத்ரூம்ல போய் அழுதேன். யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் பாத்தா நாலாவது பாகத்துல, நடுப்பக்கத்துல அடையாளத்துக்கு உங்க பச்சை நூல் துண்டு... அதான் அஞ்சாவதை எடுத்துட்டு வந்து, நீங்களும் படிக்கட்டும்னு உங்க கண்ணுல படுற மாதிரி வச்சேன்.