சின்ன மாப்பிள்ளை மாட்டிய எர்த் ஒயர்

என் பெயர், தந்தை பெயர், கதவு எண் எல்லாம் மேலே உள்ள கட்டங்களில் எழுத்தர் நிரப்பிக்கொண்டார். வயது நாற்பத்தொன்பது. தொழில் வண்டி மெக்கானிக், இருபத்தாறு வருடமாக. என்னை யாரும் பிடித்து வரவில்லை, மிரட்டவில்லை. இன்று காலை பத்து மணிக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது.

விபத்துக்குள்ளான பிக்கப் வண்டி என் மாமனாருடையது. அவர் தச்சர். கதவு, ஜன்னல் செய்து அதில்தான் ஏற்றிப்போய் இறக்குவார். வண்டிக்கு இருபத்திரண்டு வயது. அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளை எனக்கும் இளையவளைச் சகலைக்கும் கொடுத்தார். சகலையும் மெக்கானிக்தான், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், தொழிலுக்கு வந்தே ஒன்பது வருடம் ஆகிறது. மேற்படி வண்டியைப் பதினோரு வருடமாக நான் ஒருவன்தான் தொட்டு வந்தேன். அதன் மாற்றுச் சாவி என் பட்டறை ஆணியில் தொங்கும்.

போன மாதம் முதல் வாரத்தில், வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது என்று மாமனார் கொண்டுவந்தார். சாவியைத் திருகினால் செல்ஃப் மோட்டார், முட்டிவலிக்காரர் மாடிப்படி ஏறுவதுபோல இழுத்து இழுத்துச் சுற்றியது. பேட்டரி முனைகளைச் சுரண்டித் துடைத்தேன், சரியாகவில்லை. அதன் பிறகு பேட்டரியையே மாற்றினேன், இரண்டு நாள் பரவாயில்லை, மறுபடி அதே கதை. அதன் பிறகு செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பிரஷ், புஷ் எல்லாம் புதிதாகப் போட்டேன். அதன் பிறகு ஆயிலை மாற்றினேன். மூன்று வாரம் ஓடிப்போயிற்று. கடைசியில், "வண்டிக்கு வயசாயிடுச்சு மாமா, இஞ்சின் இறுகிப்போச்சு" என்றேன். காரணம் தெரியாத மெக்கானிக் சொல்கிற பதில் அது.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிடக் கூடியிருந்தோம். வாசலில் மாமனார் வண்டியோடு மல்லுக்கட்டும் சத்தம் கேட்டு, கை கழுவப் போன சகலை அப்படியே திரும்பி வந்தார். தன் காரிலிருந்து ஜம்பர் கேபிளை எடுத்தார். ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை இஞ்சின் இரும்பிலும் கவ்வவிட்டு, "இப்ப திருப்புங்க மாமா" என்றார். ஒரே திருப்பில் வண்டி கிளம்பிவிட்டது. வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து இஞ்சினுக்குப் போகிற எர்த் ஒயர்தான் கோளாறு. மேலே உறை பளபளவென்று இருந்தது, கிழித்துப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடியாகிக் கிடந்தது. கரண்ட் திரும்பி வர வழியில்லாமல் மோட்டார் திணறியிருக்கிறது. அந்த ஒயரை நானும்தான் பலமுறை பார்த்தேன், உறையைப் பார்த்து நல்லது என்று விட்டுவிட்டேன். சகலை தன் டிக்கியில் கிடந்த புது ஒயரை மாட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

என் மனைவி எல்லோர் முன்னாலும், "இவ்ளோதானா? இதுக்கா மூணு வாரம் உருட்டினீங்க?" என்று சிரித்தாள். மாமியார் முதல் தட்டைச் சகலைக்கு வைத்தார். அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். சாப்பிட்டு முடித்ததும் மாமனார் என்னிடம், "அந்த இன்னொரு சாவிய சின்ன மாப்பிள்ளைகிட்ட குடுத்துடுங்க" என்றார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பொறாமைதான் ஐயா, அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டாம். சகலை, "அண்ணன்கிட்டயே இருக்கட்டும் மாமா" என்றார். அதைக் கேட்டு இன்னும் எரிந்தது. மறுநாள் சாவியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதன் பிறகு புதன்கிழமை மதியம், மாமனார் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நான் அவர் பட்டறை வாசலுக்குப் போனேன். வண்டி பூட்டாமல்தான் நிற்கும். பானெட்டைத் தூக்கி, புது எர்த் ஒயரின் இஞ்சின் பக்கத்து போல்ட்டைத் தளர்த்தி, டியூபில் வெட்டிய ரப்பர் துண்டை இடையில் கொடுத்து, ஒயர் இரும்பில் படாதபடி செய்து, போல்ட்டைக் கையால் ஏனோதானோவென்று திருகிவிட்டு வந்தேன். வண்டி மறுபடி திணற வேண்டும், என்னைக் கூப்பிட வேண்டும், "மூணு நாள்கூட தாங்கலையே மாமா" என்று எல்லோர் முன்னாலும் நான் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். அந்த ஒரு வாக்கியத்தைப் போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

எர்த்தை முழுதாக அடைத்தால் கரண்ட் சும்மா இருக்காது, கிடைக்கிற இரும்பு வழியாகத் திரும்பப் பார்க்கும். அந்த வண்டியில் கிடைப்பது ஆக்சிலேட்டர் கேபிள். மெல்லிய கம்பி, தாங்காமல் சூடேறி, உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொள்ளும். இருபத்தாறு வருடத்தில் அப்படி உருகிய கேபிளை இரண்டு முறை என் கையாலேயே மாற்றியிருக்கிறேன். அன்று அது என் மண்டையில் ஏறவில்லை. பொறாமை கண்ணை மறைத்துவிட்டது.

அதன் பிறகு வியாழக்கிழமை காலை மாமனார் ஏழெட்டு முறை சாவியைத் திருகி எப்படியோ வண்டியைக் கிளப்பி, நான்கு கதவுகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். இறக்கத்தில் ஆக்சிலேட்டர் மிதித்தது மிதித்தபடியே நின்றுவிட்டது. எதிரே கடை வாசலில் ஆட்கள் நின்றதால் வண்டியைச் சுவரில் கொண்டுபோய் மோதியிருக்கிறார். வலது காலில் இரண்டு எலும்பு முறிந்தது. இனி நின்று இழைப்புளி தள்ள முடியுமா என்று மருத்துவர் சொல்லவில்லை.

வண்டியில் கடைசியாகக் கை வைத்தது யார் என்று அதிகாரி கேட்டதற்கு மாமனார், சின்ன மாப்பிள்ளை என்று சொன்னார். வெள்ளிக்கிழமை சகலையைக் கூப்பிட்டார்கள், துணைக்கு நானும் வந்தேன். இதே நிலைய வாசலில் இழுத்து வந்து நிறுத்தியிருந்த வண்டியின் பானெட்டை அவரே திறந்து குனிந்தார். ரப்பர் துண்டை அவர் உருவி உள்ளங்கையில் மூடிக்கொண்டதை நான் பார்த்தேன், அதிகாரி பார்க்கவில்லை. பிறகு என்னை ஒரு முறை பார்த்தார். அதன் பிறகு அதிகாரியிடம், "போல்ட்ட நான்தான் சரியா முறுக்கல சார், என் தப்புதான்" என்றார். அவரை உள்ளே உட்கார வைத்தார்கள். நான் பக்கத்தில் போனபோது மெதுவாக, "பேசாம வீட்டுக்குப் போங்கண்ணே. அக்காவுக்குத் தெரிய வேணாம்" என்றார்.

நான் வீட்டுக்குப் போய்விட்டேன், அதை இங்கே மறைக்கவில்லை. மறுநாளும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் வீட்டில் வேறு பேச்சு இல்லை. மாமியார், "தப்ப ஒத்துக்கிட்டான் பாரு, அவன் மனுஷன்" என்று அழுதார். என் மனைவியும், "அப்படி ஒரு மனசு யாருக்கு வரும்" என்றாள். மாமனார் கட்டுப்போட்ட காலோடு படுத்துக்கொண்டு, சின்ன மாப்பிள்ளையை எப்போது விடுவார்கள் என்று என்னிடமே கேட்டார். செய்தது நான், நல்ல பெயர் அவருக்கு. வேலையிலும் அவர் முந்திவிட்டார், பழியிலும் அவரே முந்திவிட்டார். அதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

மாமனாரின் காலை நினைத்து வருத்தம் உண்டு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சகலை மீது எந்தத் தவறும் இல்லை, அவரை அனுப்பிவிடுங்கள்.

எழுதியதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். "மனம் திருந்தித் தானாக முன்வந்து" என்று ஓரிடத்தில் அவராகச் சேர்த்திருந்தார். "மனம் திருந்தி" என்பதை அடிக்கச் சொன்னேன், அடித்துவிட்டார். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை.

(கையொப்பம்)