கமலத்தின் கொப்பி

சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. இருபத்தெட்டு வருஷம் கண்டியில் இசை வரலாறு படிப்பித்தவன் இப்படிச் சொல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். அந்தக் கதிரையில் இருங்கள். காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கிறவர்கள் ஒருநாள் என்னிடமும் வருவார்கள் என்று தெரியும். ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

கமலம் என் மாணவி. கண்டி மஹய்யாவப் பகுதிப் பிள்ளை, தகப்பன் நகரசபையில் தெருக் கூட்டியவர். கெட்டிக்காரி, அதை நான் மறுத்ததே இல்லை. ஆதித் தமிழிசை கோயிலுக்குள் பிறந்து கோயிலுக்குள் வளர்ந்தது என்று பன்னிரண்டு வருஷமாக ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்தேன். எண்பத்தாறாம் ஆண்டு, வகுப்பு நிறைந்திருக்க, அவள் எழுந்து கேட்டாள்.

"உள்ள பாடுனவங்க பேரெல்லாம் இருக்கு சேர். வெளிய நின்னு அடிச்சவங்க பேரு ஏன் ஒரு எடத்துலயும் இல்ல?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளைப் பார்த்து அல்ல. எனக்கு எரிச்சல் வந்தது உண்மை. பொறாமை என்று எழுதிவிடாதீர்கள்.

அவள் சும்மா கேட்கவில்லை. அவளுடைய பெரியப்பா தப்பு மேளம் அடிப்பவர். அவரும் வத்தேகமத் தேயிலைத் தோட்டங்களின் கிழவர்களும் அடித்த அடிகளை வட்டம், புள்ளி, குறுக்குக் கோடு, இலக்கம் என்று தானே உண்டாக்கிய குறிகளில் ஒரு கொப்பி நிறைய எழுதியிருந்தாள். பழைய நூல்கள் சொல்லும் தாளங்கள் அவற்றில் உயிரோடு இருக்கின்றன என்பது அவள் வாதம். பார்த்துச் சொல்லும்படி இரண்டு மாதம் கொப்பியை என்னிடம் விட்டிருந்தாள். ஒரு தாளும் கசங்காமல் திருப்பிக் கொடுத்தேன்.

காலம் பொல்லாதது. பஸ்ஸில் தமிழில் பேச நானே பயப்படுவேன். அவள் வந்த வத்தேகம பஸ்ஸைப் பொலிஸ் மறித்துச் சோதித்தபோது கொப்பி அகப்பட்டது. குண்டு வைக்கும் இடங்களின் குறிப்பென்று சந்தேகப்பட்டார்கள். எங்கள் சேரிடம் காட்டுங்கள், அவர் சொல்லுவார் என்றாளாம்.

பொலிஸில் என்னை மரியாதையாகவே இருத்தினார்கள். அதிகாரி முதல் பக்கத்தை விரித்து, இது சங்கீதமா என்று கேட்டார். கதவோரம் நின்ற கமலத்தின் முகம் என்னைக் கண்டதும் தெளிந்தது. அந்தப் பக்கத்தை அவள் கதவில் விரலால் தட்டிக் காட்டினாள். அவள் தட்டி முடிக்கும்வரை நான் நிதானமாகக் கேட்டேன். நான் அறிந்த எந்த இசை முறையும் இது அல்ல என்றேன். அது பொய் இல்லை. எந்த நூலிலும் அந்தக் குறிகள் கிடையாது.

தாய் அங்கம்மா மூன்று தரம் என் வாசலுக்கு வந்தாள். "பாட்டுதான்னு ஒரு வார்த்த சொல்லுங்கய்யா, புள்ளைய விட்ருவாங்க." ஒருமுறை சொன்னதை மாற்றினால் என் மேலும் சந்தேகம் வரும் என்று அவளுக்கு விளக்கினேன். அதற்குள் கமலத்தை வேறு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எந்த முகாம் என்று யாரும் சொல்லவில்லை.

நூல் தொண்ணூறில் வந்தது. கோயிலுக்கு வெளியே அடித்தவர்களைப் பற்றிய நாலாம் அத்தியாயத்தைத்தான் எல்லோரும் பாராட்டுகிறார்கள். வட்டம், புள்ளி எல்லாம் விளக்கத்தோடு இருக்கின்றன. அவள் பெயரை நான் போடவில்லை. அந்த நாட்களில் அது அவளுக்கு ஆபத்தாக முடிந்திருக்கும்.

கதவில் தட்டியபோது, பயத்தில், ஏழாவது அடியை அவள் விட்டுவிட்டாள். என் நூலில் அது சரியாக இருக்கிறது.