கட்டில் காலடியில் முப்பத்திநாலு பேர்

பேசாம இருந்தாத்தான் பிரஷர் சரியாத் தெரியும்னு சொல்றீங்க. சரி, பேசல. இந்த ஒண்ணை மட்டும் சொல்லிடுறேன் சிஸ்டரம்மா, அதுக்கப்புறம் நான் வாயைத் தொறந்தா ஏன்னு கேளுங்க. அந்த டீயைக் குடிக்காதீங்க. ஆமா, என் பொஞ்சாதி தரைவினி கொண்டாந்து வெச்சாளே, அதுதான். அதுல சக்கரை கிடையாது. எனக்குச் சக்கரை வியாதி முத்திப் போச்சுன்னு தெரிஞ்ச நாள்லேருந்து இந்த வீட்டுக்கு யாரு வந்தாலும் வெறும் டீதான். நான் மட்டும் தனியா அதைக் குடிச்சா மனசு நொந்துபோயிடுவேனாம். சபைப் பொம்பளைங்க கூடிப் பேசி எடுத்த முடிவு. பதினாலு மாசமா ஊரே வந்து கசப்பா ஒரு வாய் குடிச்சிட்டு என்னை ஒரு பார்வை பாத்துட்டுப் போவுது. எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க.

என்ன, நூத்தி எழுவதா? அது இப்பப் பேசுனதால வந்தது. மறுபடியும் அமுக்குங்க. நான் வாயே தொறக்கல.

…இல்ல, நீங்க புதுசு பாருங்க, அதான். மெரெசேனி சிஸ்டருக்கு என் கதை எல்லாம் தெரியும். அவங்களை லம்பாசா ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டு உங்களைப் படகுல ஏத்தி அனுப்பிட்டாங்க. உங்கப்பாவுக்கு எந்த ஊரு? … அட, அந்த ஊருக்காரங்களும் நாங்களும் ஒருத்தரையொருத்தர் கிண்டல் பண்ற மொறையாச்சே! நல்லதாப் போச்சு. நான் என்ன சொன்னாலும் நீங்க கோவிச்சுக்க முடியாது. நான் உங்களை ஒண்ணு கேட்டாலும் மாட்டேன்னு சொல்லக்கூடாது.

கேக்கத்தான் போறேன். வாசல்ல ஒருத்தன் உக்காந்திருக்கான் பாத்தீங்களா? கழுத்தே இல்லாம, தோளு மேல நேரா தலையை எடுத்து வெச்ச மாதிரி. அவன் உசாயா. எனக்கு மச்சான். நீங்க படகு விட்டு எறங்குனதுலேருந்து உங்க பின்னாடியே வந்துக்கிட்டிருக்கான், உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம். என்ன கேப்பான்னு எனக்குத் தெரியும். அதுக்கு நீங்க என்ன பதில் சொல்லணும்கிறதுதான் எனக்கு இப்பப் பெரிய விஷயம். என் மானமே அதுலதான் இருக்கு. அதைச் சொல்லணும்னா மொதல்லேருந்து வரணும்.

சக்கரை முத்தி, சுவா பெரியாஸ்பத்திரியில என் காலை எடுத்தாங்க. முட்டிக்குக் கீழ. ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில. தரைவினியும் என் கூடவே வந்துட்டா. இங்க தோட்டம் இருக்கு, பன்னி இருக்கு, கூரையில ரெண்டு தகரம் பேந்து கெடக்கு. திரும்பி வந்து பாத்தா, சபைக்காரனுங்க கூரையில புதுத் தகரம் போட்டிருக்கானுங்க. சேம்பு நட்டிருக்கானுங்க, எப்படி, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வரிசையில நிக்கிற மாதிரி நேர்கோடா. நான் அப்படியா நடுவேன்? என் பன்னி இருக்கே, அது என்னை யாருன்னு பாத்துச்சு. அவ்வளவு தீனி போட்டு வளத்திருக்கானுங்க. இந்தக் கட்டில்கூட சபைத் தச்சன் அடிச்சதுதான். ஒசரம் ஜாஸ்தி. சொன்னா, எறங்கும்போது யாராவது பிடிக்கத்தானே போறோம்னு சொல்றான்.

என் துணியையெல்லாம் பொம்பளைங்க தொவைச்சு, சர்ச்சுக்கு எதிர்த்த கொடியில காயப்போட்டாங்க. போதகர் ஜெபம் பண்ணும்போது என் உள்டவுசர் காத்துல ஆடுது. அந்த மாதிரி ஒரு உதவி.

குத்தம் சொல்றேன்னு நெனைக்காதீங்க. அவங்க இல்லன்னா நான் அந்த மழைக்காலத்தைத் தாண்டியிருக்க மாட்டேன். அதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டதான் சொல்றேன், நீங்க வெளியில போய்ச் சொல்லிடாதீங்க.

விஷயத்துக்கு வர்றேன். எங்க சர்ச்சுப் பாட்டுக்குழுவை இருவத்திரெண்டு வருஷம் நடத்துனது நான். கை காட்டி நடத்துற குச்சி என் கையில. உசாயா அடிக்குரல்ல பாடுறவன், சும்மா இல்ல, அவன் மூச்சு இழுத்தாலே முன்வரிசைக்காரிக்குப் பின்கழுத்துல காத்தடிக்கும். நான் படுத்ததும் குச்சி அவன் கைக்குப் போச்சு. ஒரு ஞாயித்துக்கெழமை நாலு பேரு என்னை நாக்காலியோட தூக்கிக்கிட்டு சர்ச்சுக்குப் போனாங்க. ஓடையில கால் வழுக்கி, நான், நாக்காலி, பாட்டுப் புஸ்தகம், எல்லாம் தண்ணியில. கரையில நின்ன பொம்பளைங்க சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டாங்க. நீ வர வேணாம், நாங்க வர்றோம்னு.

வந்துட்டாங்க. செவ்வாய், வியாழன். முப்பத்திநாலு பேரு, இந்த ஒரே ரூம்புல, கட்டில் காலடியில பாயைப் போட்டு. என் மொகத்துக்கு நேரா உசாயா, கையில என் குச்சி.

இப்ப நான் சொல்றதைக் கேட்டு சிரிக்கக் கூடாது. நான் காத்துக்கிட்டிருந்தேன், தப்புப் பண்ணுவான்னு. மொத வாரம் பண்ணுனான். ரெண்டாவது வாரம் கொறைச்சலாப் பண்ணுனான். ஒரு மாசத்துல… நல்லா இருந்துச்சு சிஸ்டரம்மா. நான் இருவத்திரெண்டு வருஷமா இழுத்து இழுத்து நிறுத்த முடியாத எடத்துல அவன் கையை இப்படித் தூக்குறான், முப்பத்திநாலு பேரும் டக்குனு நிக்கிறாங்க. தகரமே அதிருது. தரைவினி கண்ணைத் தொடைச்சுக்கிறா. எனக்கு வயிறு எரிஞ்சுது. கால் போனப்பகூட அப்படி இல்ல.

அப்பத்தான் அதைச் சொல்லிட்டேன். நர்ஸு சொன்னாங்க, சத்தம் ஒசந்தா என் பிரஷரும் ஒசருமாம், மெதுவாப் பாடுங்கப்பான்னு. மெரெசேனி சிஸ்டர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்ல. நானா கட்டிவிட்டது. ஏதோ அன்னிக்கு ஒரு நாளைக்கு அடங்குவானுங்கன்னு நெனைச்சேன். எல்லாரும் சரின்னு தலையை ஆட்டுனாங்க. அதுலேருந்து பத்து மாசம், கொழந்தை தூங்குற வீட்டுல பாடுற மாதிரி. உசாயா அந்தத் தொண்டையைப் பிடிச்சு அமுக்கி அமுக்கிப் பாடுவான், நெத்தியில வேர்க்கும். நெசத்தைச் சொல்லலாம்னு ஒவ்வொரு செவ்வாக்கெழமையும் நெனைப்பேன். வெயாழக்கெழமை சொல்லிக்கலாம்னு விட்டுடுவேன்.

ஆகஸ்டுல சுவாவுல போட்டி. எல்லா ஊரு சபையும் வரும். ஒவ்வொரு குழுவும் கத்துற கத்துல பந்தலே பிச்சுக்கும். நான் இங்க படுத்துக்கிட்டு ரேடியோவுல கேக்குறேன். எங்க ஊருப் பேரைச் சொன்னாங்க. அப்புறம் ஒண்ணும் காணோம். பேட்டரி போச்சுன்னு தரைவினி ரேடியோவைத் தட்டுறா. காதை வெச்சுக் கேட்டா, பாடிக்கிட்டிருக்காங்க. என் கட்டிலுக்குப் பக்கத்துல பாடுற மாதிரியே, அங்கயும். கடைசி எடம். என் காலத்துல அஞ்சாவதுக்குக் கீழ போனதில்ல.

திரும்பி வந்ததும் யாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போகல. நேரா இங்க. மன்னிப்புக் கேக்குற மொறைப்படி உசாயா மண்டி போட்டு, திமிங்கலப் பல்லை ரெண்டு கையிலயும் ஏந்தி, நீ வளத்த குழுவோட பேரைக் கெடுத்துட்டோம், மன்னிச்சுக்கோன்னு சொல்றான். நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? வாங்கிக்கிட்டேன். வாங்குனதோட விட்டேனா, போனாப் போவுது, அடுத்த தடவை பாத்துக்கலாம்னு பெரிய மனுஷன் மாதிரி நாலு வார்த்தை வேற பேசுனேன்.

இப்பத் தெரியுதா? அவன் உங்ககிட்ட கேக்கப்போறது அதுதான். எவ்வளவு சத்தமாப் பாடலாம்னு. நீங்க, அப்படியெல்லாம் யாரும் சொல்லலையேன்னு சொன்னா என் கதை முடிஞ்சுது. அதனால நீங்க ஒரே ஒரு வார்த்தை, சட்டம் மாறிப்போச்சு, இனிமே எவ்வளவு வேணும்னாலும் கத்தலாம்னு… ஏன் மாட்டேன்னு தலையை ஆட்டுறீங்க? சின்னப் பொய்தானே. கிண்டல் பண்ற மொறையில நான் கேக்குறேன்… எங்க எந்திரிக்கிறீங்க? சிஸ்டரம்மா, அவனைக் கூப்புடாதீங்க. கூப்பு…

வாடா உசாயா. வா. வாசல்ல குனிஞ்சு வா, தகரம் புதுசு. நீ இரு, நீ ஒண்ணும் கேக்காதே, நான் பேசிடுறேன். டேய், நமக்குள்ள மச்சான் மொறை, ஒழுங்காப் பேசிப் பழக்கம் இல்ல. இந்த ஒரு தடவை சிரிக்காமக் கேளு. நர்ஸு ஒண்ணும் சொல்லல. மெதுவாப் பாடச் சொன்னது நான். நீ நல்லா நடத்துனே, எனக்குப் பொறுக்கல. அவ்வளவுதான். சுவாவுல தோத்தது என்னால. மன்னிப்பு நீ கேட்டிருக்கக் கூடாது.

…என்ன? தெரியுமா?

எப்போலேருந்து? … மெரெசேனி சிஸ்டரைப் போய்க் கேட்டீங்களா? அப்பவேவா? தெரிஞ்சுக்கிட்டா பத்து மாசம்…

இரு, இரு, திருப்பிச் சொல்லு. குழுவை இன்னமும் நடத்துறவன் நான்தானாம். நான் மெதுவான்னு சொன்னா அதுல ஏதோ இருக்கும்னு நெனைச்சீங்க. உன் கத்தலை உன் மூஞ்சிக்கு நேரா சொன்னா நீ நொந்துபோவேன்னு நான் நர்ஸு மேல பழியப் போட்டேனாம். அவ்வளவு நல்லவனா நான்? முப்பத்திநாலு பேருமா அப்படி நெனைச்சீங்க? தோத்ததும், நான் சொன்ன மாதிரி மெதுவாப் பாட உங்களுக்குத்தான் வரலன்னு… அதுக்கா அந்தப் பல்லு?

அப்புறம் இந்தப் பொண்ணுகிட்ட நீ என்னத்தைத்தான் கேக்க வந்தே?

…அடுத்த ஆகஸ்டுப் போட்டிக்கு, படகுல சுவாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போகலாமான்னா? என்னையா? … குச்சியா, அதை நீயே வெச்சுக்கோ. நான் உக்காந்தபடி உங்ககூடப் பாடிக்கிறேன்… இல்ல, நான் அழல. டேய், பாத்துக்கிட்டே நிக்காதே. போய் எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா. இப்பவே. முப்பத்திநாலு பேருகிட்டயும் நானே சொல்றேன். நீ சொன்னா அதுலயும் என்னை நல்லவனாக்கிப்புடுவே.