அது போகும்போது பார்க்கக் கூடாது

முதல்ல ஒண்ணு சொல்லிர்றேன் தம்பி, மனசுல வச்சுக்கங்க. அது ஒண்ணுக்குப் போகும்போது நீங்க அதைப் பார்க்கக் கூடாது. பார்த்தா நிறுத்திரும். கூச்சமெல்லாம் இல்ல, பயம். கயித்தைத் தளர்த்திப் பிடிச்சுக்கிட்டு, முகத்தை வேற பக்கம் திருப்பிக்கிட்டு, அசையாம நிக்கணும். இருமக்கூடக் கூடாது. கப்பல்ல தோட்டம் கிடையாது, புல்லு கிடையாது, சுத்திச் சுத்தித் தண்ணிதான். அதனாலதான் இவ்வளவு சொல்றேன். உங்க அக்கா வளர்த்த நாய், நீங்க கூட்டிட்டுப் போகணும்னு வந்திருக்கீங்க, நியாயம்தான். ஆனா இந்தப் பக்குவம் தெரியாமக் கொண்டுபோனீங்கன்னா பிரெஞ்சுக்காரன் துறைமுகம் மார்சேய் போய்ச் சேர்றதுக்குள்ள அது அடக்கி அடக்கியே செத்துரும்.

உட்காருங்க. அந்தப் பெட்டி மேலயே உட்காரலாம், ஒண்ணும் தப்பில்ல. இப்ப அதுக்குச் சொந்தக்காரர் யாருமில்ல. நீங்க காரைக்கால்காரர், எட்மோன்னு பேரு, கிட்டங்கிக்குள்ளல்லாம் வந்து பழக்கம் இருக்காது. செட்டியாருங்க கடல் தாண்டிப் பிழைக்க வர்ற ஊர்ல எல்லாரும் ஒண்ணாத் தங்குற கூடம் இது. பொண்டாட்டி பிள்ளைகளை ஊர்ல விட்டுட்டு மூணு வருசக் கணக்குக்கு வருவோம். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு கட்டில். குறட்டைச் சத்தத்தை வச்சே யாரு எந்த மூலையில படுத்திருக்காங்கன்னு சொல்லிருவேன், அப்படி நிறைஞ்சு கிடந்துச்சு. இப்ப நானு, ஆதப்பன், சமையக்காரர், அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டுறான், நமக்கு மட்டும் இங்க என்ன வேலைன்னு மத்தவங்கல்லாம் கப்பலேறிட்டாங்க.

நான் போகல. ஊர்ல நாச்சம்மை இருக்கா, என் வீட்டுக்காரி. நல்லவ, குறை சொல்ல மாட்டேன். கடைசியாப் போயிருந்தப்ப விருந்தாளியைக் கவனிக்கிற மாதிரி கவனிச்சா. இலை போடட்டுமா, விசிறி வேணுமான்னு கேப்பா, அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணும் இருக்காது. நான் ரூம்புக்குள்ள வந்தா அவ முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு எந்திரிச்சு நிப்பா. ஊர் பேரைச் சொல்லிச் சொல்லியே இங்க காலத்தை ஓட்டியிருக்கேன், அங்க போனா ஒரு வாரத்துல மூச்சு முட்டிருச்சு. திரும்பி வந்தேன். வந்தா இங்கயும் பேச ஆள் இல்ல.

உங்க அக்கா அடுத்த கட்டடத்து மாடியில குடியிருந்தாங்க. சுங்க ஆபீசுல டைப் அடிக்கிற வேலை. தினம் காலையில இந்த நாயைக் கூட்டிக்கிட்டுத் தெருமுனைப் புளியமரத்துக்குப் போவாங்க. மாடி வீட்டுல இருக்கிற நாய்க்கு அந்த மரத்தடிதான் தோட்டம். நான் பல் விளக்கிக்கிட்டு நிப்பேன். "பொன்ழூர் செட்டியாரய்யா"ன்னு பிரெஞ்சுல வணக்கம் சொல்லுவாங்க. நான் தலையை ஆட்டுவேன். ஒரு நாளைக்கு என்கிட்ட வேற மனுசர் பேசுற பேச்சு சில நாள் அது ஒண்ணாத்தான் இருக்கும்.

அப்புறம் பங்குனியில ஒரு தடவை இந்தச் சண்டை வந்துச்சு. பிரெஞ்சுக்காரனோட இல்ல, இந்த ஊர்க்காரங்களுக்குள்ளயே. குண்டுச் சத்தத்துல வீடே ஆடுச்சு. அன்னைக்குத் தொட்டு நாய் கெட்டுப்போச்சு. தெருவுல கால் வைக்காது. மரத்தடிக்குத் தூக்கிட்டுப் போனாலும் உடம்பு உதறும், ஒரு சொட்டு வராது. இதுக்கு நடுவுல உங்க அக்காவை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. கப்பல்ல இடம் கிடைக்கிற வரைக்கும் கன்னியாஸ்திரீங்க மடத்துல தங்க ஏற்பாடு. மடத்துல நாய்க்கு இடமில்ல. தூக்கிக்கிட்டு இந்த வாசலுக்கு வந்துட்டாங்க. கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு.

"கப்பல் நாள் தெரிஞ்சதும் வந்து கூட்டிக்கிறேன் அய்யா. பிஜூ சாது. கடிக்க மாட்டான்."

பிஜூன்னா பிரெஞ்சுல நகையாம். நான் வாங்கிக்கிட்டேன். ஆதப்பன் முகத்தைச் சுளிச்சான். "கிட்டங்கியில நாயாண்ணே, உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா"ன்னான். நாங்க வயிரவன் கோயில் பங்காளிங்க தம்பி, எங்க சாமி வயிரவருக்கு வாகனமே நாய்தான். "வாகனமே வாசலைத் தேடி வந்திருக்கு, திருப்பி அனுப்பச் சொல்றியா"ன்னு கேட்டேன். அன்னையிலேருந்து நான் அதை வயிரவான்னுதான் கூப்பிடுறேன். அதுக்கும் அந்தப் பேர்தான் பிடிக்குது.

பழக்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. கிட்டங்கிக்குக் கொல்லை கிடையாது. தெருவைப் பார்த்த தகரக் கதவு இருக்குல்ல, நீங்க தட்டுனது, அதுக்கும் உள் கதவுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு. மேல கூரை இல்லாம வானம் தெரியும். தேயிலைப் பெட்டியோட மூடி ஒண்ணை அங்க போட்டு, புளியமரத்தடியிலேருந்து மண்ணை அள்ளிட்டு வந்து பரப்புனேன். பழைய வாடை இருந்தாத்தான் நாய்க்கு நம்பிக்கை வரும். சாப்பிட்டதும் ஒரு தடவை, வெயில் தாழ ஒரு தடவை, அதே நேரம், அதே கயிறு, அதே இடம். சத்தம் போடக் கூடாது, அதட்டக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது. நான் காரை பேர்ந்த சுவத்தையே பார்த்துக்கிட்டு நிப்பேன். முதல் தடவை அது மண்ணுல போன சத்தம் கேட்டப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. சிரிக்காதீங்க. என்னை நம்பி ஒரு உசிர் ஒரு காரியம் செஞ்சு எவ்வளவோ காலம் ஆச்சு.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு உங்க அக்கா வருவாங்க. கிட்டங்கிக்குள்ள பொம்பளைங்க வர்ற வழக்கம் இல்ல, அவங்களுக்கும் அது தெரியும். தெருவுலயே நிப்பாங்க. நான் கதவைத் திறந்து விடுவேன். அது ஓடிப்போய் அவங்க கவுன்ல முகத்தைப் புதைச்சுக்கும். வால் கிடந்து அடிக்கும். நான் உள் பக்கமா ஒதுங்கி நிப்பேன். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல அய்யா"ம்பாங்க. எனக்கு நன்றி வேண்டியிருக்கல. அவங்க போனப்புறம் அது கதவோரமா மூக்கை வச்சுப் படுத்திருக்கும், நான் போட்ட சோத்தைத் திரும்பிப் பார்க்காது. அது ஒண்ணுதான் எனக்குப் பிடிக்காது.

சித்திரையில மறுபடி சண்டை மூண்டுச்சு. இந்தத் தடவை நிக்கவே இல்ல. சீனக்காரங்க இருக்கிற சோலோன் பக்கம் குடிசைங்க எரிஞ்சு வானம் கறுத்துப்போச்சு. ஆதப்பனும் சமையக்காரரும் கோயிலுக்குப் போயிட்டாங்க, அங்க சுவர் கனம். "நீங்களும் கிளம்புங்கண்ணே, உசிர் இருந்தாத்தானே எல்லாம்"னு ஆதப்பன் போறப்ப என் கையைப் பிடிச்சு இழுத்தான். நாயை என்ன செய்யிறதுன்னு கேட்டேன். உள்ள விட மாட்டாங்கன்னான். வயிரவர் பக்கத்துல கல்லு நாய் நிக்கலாம், உசிர் நாய் நிக்கக் கூடாதாம். அப்படின்னா நான் வரல, வாசச் சாவியைக் குடுத்துட்டுப் போன்னுட்டேன்.

அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேர்தான். அது என் கட்டிலுக்கு அடியில, நான் கட்டில் மேல. கையைக் கீழ தொங்கவிட்டா நக்கும். ஊரெல்லாம் நாசமாப் போய்க்கிட்டிருந்துச்சு, சொல்லக் கூடாதுதான், எனக்கு நிம்மதியா இருந்துச்சு. ஆனா அது ஒண்ணுக்குப் போகல. ராத்திரி போச்சு, பகல் போச்சு, அடிவயிறு கல்லு மாதிரி ஆயிருச்சு. தொட்டா முனகும். அடுத்த நாள் மத்தியானம் கொஞ்ச நேரம் சத்தம் ஓஞ்சுச்சு. இதை விட்டா நேரம் கிடைக்காதுன்னு தூக்கிட்டு வந்து சந்துல மண்ணு மேல விட்டேன். கயித்தைத் தளர்த்துனேன். சுவத்தைப் பார்த்தேன். அது மோந்துச்சு, சுத்துச்சு, நின்னுச்சு, மறுபடி சுத்துச்சு. கடைசியாக் காலைத் தூக்குச்சு.

அப்பத்தான் உங்க அக்கா கதவைத் தட்டுனாங்க.

"செட்டியாரய்யா, நான்தான், பொலேத். திறங்கய்யா. முனையில சுடுறாங்க."

நான் அசையல. நீங்களே சொல்லுங்க தம்பி, அவ்வளவு நேரம் அடக்கி வச்ச பிராணி அப்பத்தான் விட ஆரம்பிச்சிருக்கு. நான் ஒரு அடி எடுத்து வச்சா நின்னு போயிரும். நின்னுச்சுன்னா மறுபடி எப்ப வருமோ. ரெண்டாவது தடவை தட்டுனாங்க. தகரம் அதிர்ந்துச்சு. நான் மூச்சைக்கூட இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்புறம் தெருவுல குண்டு விழுந்துச்சு. நடந்தது அவ்வளவுதான். நான் பின்கட்டுல தூங்கிட்டேன், எதுவும் காதுல விழலைன்னு ஆதப்பன் கிட்டயும் போலீசு கிட்டயும் சொன்னது பொய். அவங்களுக்கு நாயைப் பத்தித் தெரியாது, சொன்னா விளங்காது. உங்களுக்கு விளங்கும்னு சொல்றேன்.

என்ன கேக்குறீங்க. ஒரு நாய் ஒண்ணுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்னா.

நல்ல கேள்விதான். வேற யாரும் கேக்கல.

அதிக நேரம் ஆகாது தம்பி. அடக்கி வச்சதா இருந்தாலும் ஒரு வெத்திலை மடிக்கிற நேரம். அவங்க ரெண்டாவது தடவை தட்டுறப்பவே அது முடிச்சிருச்சு. முடிச்சிட்டு நேரா கதவுக்கிட்டதான் ஓடுச்சு. அந்தக் குரல் அதுக்குத் தெரியாதா. சாவி என் மடியில இருந்துச்சு. எடுக்கவும் எடுத்தேன், அதைச் சொல்லணும். பூட்டுக்கிட்ட கொண்டும் போனேன். அப்ப அவங்க சொன்னாங்க, "கப்பல்ல இடம் கிடைச்சிருச்சு அய்யா, காலையில கிளம்புது. பிஜூவையும் கூட்டிட்டுப் போயிரலாம்னு வந்தேன்." அழுதுக்கிட்டே சிரிக்கிற மாதிரி இருந்துச்சு குரல்.

உசிருக்குப் பயந்து ஒண்ட மட்டும் வந்திருந்தா திறந்திருப்பேன். வழக்கமாவது ஒண்ணாவது.

நாய் குரைக்க வாயெடுத்துச்சு. வாயைச் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டேன். வலிக்காமத்தான் பிடிச்சேன். மடியில வச்சுக்கிட்டுத் தரையிலயே உட்கார்ந்துட்டேன். அது உடம்பு பூரா ஆடுச்சு, வாலா நடுக்கமான்னு தெரியல. வெளியில உங்க அக்கா தனக்குத்தானே, "கோயிலுக்குப் போயிட்டாரு போல, வந்துருவாரு"ன்னு சொல்லிக்கிட்டாங்க. நான் வந்துருவேன்னு நம்பிக் கதவுல முதுகைச் சாய்ச்சு உட்கார்ந்தாங்க. கதவுக்கு அடியில ஒரு இடுக்கு இருக்கு, அதுல அவங்க கவுன் ஓரம் தெரிஞ்சுச்சு. நீலத்துல வெள்ளைப் புள்ளி. எங்களுக்கு நடுவுல அந்தத் தகரம்தான். அவங்க ஜெபம் சொல்றது கேட்டுச்சு. தமிழ்லதான் சொன்னாங்க. ஓடிப்போயிருக்கலாம், மடம் ஒண்ணும் தூரமில்ல. நாயை விட்டுட்டுப் போக மனசு வரல. எனக்கும் அப்படித்தானே தம்பி. அந்த ஒரு விசயத்துல நாங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி.

எவ்வளவு நேரம்னு கேக்காதீங்க. சத்தம் மறுபடி கிட்ட வந்துச்சு. திறக்கணும்னு நினைச்சேன். ஆனா அதுக்குள்ள ரொம்ப நேரம் ஆயிருச்சு. இவ்வளவு நேரம் உள்ள இருந்துக்கிட்டாய்யா திறக்கலைன்னு கேட்டாங்கன்னா என்ன முகத்தோட பதில் சொல்றது. அந்த வெக்கம் வேற சேர்ந்துக்கிச்சு. இன்னும் கொஞ்சம் பார்ப்போம், எந்திரிச்சுப் போயிருவாங்கன்னு இருந்தேன். குண்டு எதிர்க் கடை வாசல்ல விழுந்துச்சு. தகரக் கதவு வீங்குன மாதிரி உள்ள வளைஞ்சுச்சு. நீங்க வரும்போது பார்த்திருப்பீங்க, இன்னும் நிமித்தல. அந்த இடுக்கு வழியா வந்ததை நான் தண்ணி ஊத்திக் கழுவி விட்டேன். மண்ணையும் மாத்திட்டேன்.

இப்ப அது நல்லா இருக்கு. சந்துக்குக் கூட்டிட்டுப் போனா உடனே போயிருது, அடக்குறதே இல்ல. போனப்புறம் உள்ள வராது, கதவுல ஒட்டிப் படுத்துக்கும், அந்த இடுக்குல மூக்கை வச்சுக்கிட்டு. காத்து வருதுல்ல, அதுக்காகத்தான். வெயில் காலம் பாருங்க.

உங்க கையில இருக்கிற அந்தப் புது வார் அவங்க பையில இருந்ததுதானே, மடத்துல குடுத்திருப்பாங்க. நல்ல தோல். ஆனா அது புது வாருக்குப் பழகாது தம்பி. கழுத்தை நீட்டாது. கப்பல்ல ஆட்டம், இரைச்சல், தெரியாத முகங்க. நீங்க நல்லவராத்தான் தெரியிறீங்க, ஆனா உங்க வாடை அதுக்குத் தெரியாது. போலீசுல என்னைப் பத்தி என்ன சொல்லணுமோ சொல்லிக்கங்க, நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன், எங்க வேணும்னாலும் வந்து இதையே சொல்றேன். நாயை மட்டும் இங்கயே விட்டுட்டுப் போங்க. வாயில்லா ஜீவன், பாவம். அதுக்கு என்னை விட்டா இந்த ஊர்ல வேற யாரு இருக்கா.