எண்பத்தேழு ஸ்விட்ச்சுகள்

கீபோர்டு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அதில் எரியும் விளக்கைத்தான் பார்க்கிறார்கள். சிவப்பாக எரியுமா, ஏழு நிறத்திலும் எரியுமா என்று கேட்கிறார்கள். எழுத்துக்குக் கீழே இருக்கும் ஸ்விட்ச் கெட்டுப்போனால் அதை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன். நடந்ததை எழுதித் தரும்படி எங்கள் முதலாளி ரேணுகாம்பாள் அம்மா சொன்னதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் அர்ஜுனன். வயது நாற்பத்து நான்கு. செங்கம் சாலையில் அம்மா நடத்தும் அறை முன்பதிவு அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கிரிவலம் வருகிறவர்களுக்கு லாட்ஜுகளில் அறை பிடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. என் எதிர் மேசையில் செழியன். கீழ்பென்னாத்தூரிலிருந்து வருகிறவன், இருபத்தாறு வயது. நல்லவன். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அரை மணி நேரம் அவன் கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை ஆடுவான். அதற்காக ஒரு கேமிங் கீபோர்டு கொண்டுவந்தவன், அலுவலக வேலைக்கும் அதையே வைத்துக்கொண்டான். ஒவ்வொரு எழுத்துக்கும் டிக் என்று ஒரு சத்தம். பௌர்ணமிக்கு முந்தின வாரம் நாள் முழுக்கப் பெயர் அடித்துக்கொண்டே இருப்பான். வெங்கடசுப்பிரமணியன் என்று ஒருவர் குடும்பத்தோடு வந்தால் எதிரில் உட்கார்ந்திருப்பவன் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

ஒருநாள் அவன் சாப்பிடப் போனபோது அந்தக் கீபோர்டைத் திறந்து பார்த்தேன். ஸ்விட்ச்சுகள் பலகையோடு ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருந்தன. ஒன்றை எடுக்கவே அரை மணி நேரம் ஆகும். மறுநாள் அதன்மேல் டீ கொட்டியது. தானாகக் கொட்டவில்லை.

செழியன் முகம் வாடிவிட்டது. "விடுப்பா, நல்லதா ஒண்ணு நானே பாத்துச் சொல்றேன்" என்று தேற்றினேன்.

திருவூடல் தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ராஜா எனக்குத் தெரிந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் கடையில் உட்கார்ந்து மூன்று கீபோர்டுகளை ஒப்பிட்டேன். முதலாவதில் அந்தக் கம்பெனியின் ஸ்விட்ச் மட்டுமே பொருந்தும். சத்தமில்லாத வகையே அவர்கள் செய்வதில்லை. இரண்டாவதில் எந்த ஸ்விட்ச்சும் பொருந்தும், ஆனால் துளைகள் இறுக்கம். பத்து ஸ்விட்ச் பிடுங்கியதில் மூன்றின் கால் வளைந்தது. மூன்றாவதைத்தான் கீபோர்டு என்று சொல்ல வேண்டும். ஸ்விட்ச்சை இடுக்கியால் மேலும் கீழும் பிடித்துத் தூக்கினால், உடைத்த தோலிலிருந்து வேர்க்கடலை வருவது போல வந்துவிடும். புதியதன் கால்களை நேராக வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் போதும். எழுத்து மூடியைக் கழற்றி மாட்டுவது உட்பட, ஒரு ஸ்விட்ச்சுக்குப் பதினோரு வினாடி.

"கேம் ஆடறதுக்கு இவ்ளோ பாக்கணுமாண்ணா?" என்றார் ராஜா.

"நீடிச்சு உழைக்கணும்ல" என்றேன்.

செழியன் மூன்றாவதை வாங்கினான். நீல ஸ்விட்ச் போட்டது. பழையதைவிடச் சத்தம் ஜாஸ்தி. நான் சத்தமில்லாத ஸ்விட்ச் எண்பத்தேழு வரவழைத்தேன். அழுத்தும்போது விரலுக்குத் தட்டுப்படும் சின்ன மேடு அதிலும் இருந்தது. சத்தம் மட்டும் கிடையாது. தினமும் அவன் சாப்பிடப் போகும் நேரத்தில் ஒன்றே ஒன்றை மாற்றினேன். அதிகம் தொடாத எழுத்துகள் முதலில். எண்டரும் ஸ்பேஸும் கடைசியில்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றியிருக்கலாமே என்று அம்மா கேட்டார்கள். மாற்றியிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தால் கேள்வி வரும், மனக்கசப்பு வரும். எனக்குச் சண்டை சச்சரவு ஆகாது.

இரண்டாவது மாதம் அவன் ஓர் எழுத்தை அழுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டான். மறுபடி அழுத்தினான்.

"அண்ணா, இந்த சத்தம் உங்களுக்குக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குதேப்பா" என்றேன்.

அந்த ஒரு பதிலைத் தவிர நான் எதையும் திட்டமிட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு ஏற்றபடி நடந்துகொள்ள வேண்டும் அல்லவா. அதனால் அன்றிலிருந்து நான் கொஞ்சம் மெதுவாகப் பேசினேன். அலுவலக போன் மணியைக் குறைத்து வைத்தேன். ஒரு நாளைக்கு இரண்டு முறை, "ஏம்பா கத்துற?" என்று அன்பாகக் கேட்டேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். விளையாட்டில் தோற்றபோது, "எதிரி நடந்து வர்ற சத்தமே கேக்கலண்ணா" என்றான். அவன் முன்பும் தோற்றுக்கொண்டுதான் இருந்தான்.

காது டாக்டரிடம் போனான். குறை ஒன்றுமில்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

"டாக்டர் மிஷின்ல வர்றது வேற சத்தம்பா, வாழ்க்கைல வர்றது வேற சத்தம்" என்றேன். அது உண்மைதானே.

அவனாகவே ஒரு காது மிஷின் வாங்கி மாட்டிக்கொண்டான். அந்தப் பௌர்ணமி அன்று பஸ் ஹாரனும் அரோகரா சத்தமும் தாங்காமல் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணில் தண்ணீர். ஆனால் கீபோர்டு மட்டும் கேட்கவில்லை. உலகமே காதுக்குள் இடிக்கும்போது இது மட்டும் கேட்கவில்லை என்றால் வியாதி முற்றிவிட்டது என்று அவனே முடிவு செய்தான். அப்போது மாற்றாமல் இருந்தவை நான்கு ஸ்விட்ச்சுகள். தொடங்கிய வேலையைப் பாதியில் விடும் பழக்கம் எனக்கு இல்லை.

அவனுக்குக் கவியா என்ற பெண்ணோடு நிச்சயமாகியிருந்தது. அடி அண்ணாமலையில் வீடு. "நாளைக்கு அவ கூப்புட்டா எனக்குக் கேக்கணும்ல. பொய் சொல்லிக் கட்டிக்க மாட்டேண்ணா. நீங்களே போய்ச் சொல்லிடுங்க" என்றான். போனேன்.

கவியா நம்பவில்லை. "நேத்து போன்ல ஒரு மணி நேரம் பேசினோமே. கேட்டதுக்கெல்லாம் கரெக்டா பதில் சொன்னாரேண்ணா."

"அது பழக்கத்துல சொல்றதும்மா" என்றேன்.

அவள் அப்பா நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். செழியன் வேலையை விட்டுவிட்டு, கீபோர்டைத் தூக்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்கே போய்விட்டான். அதன் பிறகு இரண்டு வாரம் அலுவலகம் வேலை செய்வதற்கு உகந்த இடமாக இருந்தது. ஒரு முன்பதிவுகூடத் தவறவில்லை. அம்மாவே பாராட்டினார்கள்.

கவியா கீழ்பென்னாத்தூருக்குப் போனாள். நேரில் பேசினால் காதில் வாங்க மாட்டேன் என்கிறானே என்று, அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டியதை அடித்துக் காட்டினாளாம். நாலு வரி அடித்ததும் நிறுத்தினாள்.

"டிக் டிக்குனு கேக்கும்னு சொல்வியே. எனக்கும்தான் ஒண்ணும் கேக்கல."

செழியன் உடைந்து அழுதானாம். தன் வியாதி அவளுக்கும் ஒட்டிக்கொண்டது என்று நினைத்துவிட்டான். அவள் அவனை அழவிட்டு, ஒரு மூடியைக் கழற்றிப் பார்த்தாள். நீலம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிர் ஊதா. பக்கத்து எழுத்திலும் ஊதா.

போன வியாழக்கிழமை இருவரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். அம்மா என் மேசை டிராயரைத் திறந்தார்கள். டிபன் பாக்ஸில் எண்பத்தேழு நீல ஸ்விட்ச்சுகளும் இருந்தன. ஒன்றைக்கூட நான் தொலைக்கவில்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

செழியன் திட்டவில்லை. காது மிஷினைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டு, "ஏண்ணா?" என்று மட்டும் கேட்டான். "ஏம்பா கத்துற?" என்றேன். வாய் பழகிவிட்டது. கவியா என்னை அடிக்க வந்தாள்; அம்மா நடுவில் வந்து தடுத்தார்கள். தை மாதம் அவர்களுக்குக் கல்யாணம். எனக்குப் பத்திரிகை இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

டீயைக் கொட்டியதும், ஸ்விட்ச்சுகளை மாற்றியதும், கேட்கிறது என்று பொய் சொன்னதும், கவியா வீட்டில் போய்ப் பேசியதும் நான்தான். ஒப்புக்கொள்கிறேன்.

சத்தத்தைக் குறைக்கும்படி அவனிடம் ஒரு தடவையாவது வாய் திறந்து சொன்னாயா என்று அம்மா கேட்டார்கள். அதற்கும் எழுதிவிடுகிறேன். புதுக் கீபோர்டைப் பிரித்து மேசைமேல் வைத்த அன்றே செழியன் கேட்டான். "சத்தம் ஜாஸ்தியா இருந்தா சொல்லுங்கண்ணா. சத்தமில்லாத ஸ்விட்ச்சே போட்டுக்கிறேன். எனக்கு எதுனாலும் ஒண்ணுதான்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்றேன். ஒருவன் ஆசைப்பட்டு வாங்கியதைக் குறை சொல்லி அவன் மனதை நோகடிக்க எனக்கு வராது.